உஷார்! பொம்மைக்கு வந்த காசு சம்பளக் கணக்கையே பூட்டிவிடும்

"ஹாய் சிஸ்டர், உங்க பேஜ்ல இருக்கற குரோஷே பொம்மை செம க்யூட். என் பொண்ணு பர்த்டேக்கு ரிட்டர்ன் கிஃப்ட் குடுக்கணும். இருபது பீஸ் வேணும். ரேட் சொல்லுங்க, அட்வான்ஸ் இப்பவே போட்டுடறேன்."

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பாராட்டு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, பேரம். நூற்றைம்பது ரூபாய் பொம்மையை நூறுக்குக் கேட்காத ஒரு வாடிக்கையாளரை நீங்கள் நம் ஒரகடத்தில் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அங்கேயே காது விடைத்திருக்க வேண்டும்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம், வடகால், மாத்தூர், அந்தப் பக்கம் சுங்குவார்சத்திரம் வரை கார், லாரி, டயர், செல்போன் என்று செய்யும் தொழிற்சாலைகளைச் சுற்றி விடுதிகளும் வாடகை அறைகளும் நிறைந்துவிட்டன. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. அந்த ஒரு வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி என்று பல மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் இந்தப் பிள்ளைகளின் கட்டிலடிப் பெட்டியைத் திறந்தால் சீருடை மட்டுமா இருக்கும்? பட்டு நூல் வளையல், குயில்லிங் ஜிமிக்கி, ரெசின் கீ செயின், ஆரி ஒர்க் ஃபிரேம், அனிமே முகம் வரைந்த நோட்டு எல்லாம் இருக்கும்.

சுட்டி டிவி 2007-ல் வந்தது. ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்துவிட்டுத் தெருவில் 'ஹா' என்று காலைத் தூக்கிய பொடிசுகள் இப்போது இருபத்தைந்து வயதில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறார்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கே வந்தது. அந்தப் பாத்திரங்களை வரைவதும், கம்பளி நூலில் பொம்மையாகப் பின்னுவதும், இன்ஸ்டாகிராமில் போட்டு நாலு பேர் ஹார்ட் போட்டால் பூரிப்பதும் நல்ல விஷயம். எட்டு மணி நேரம் ஒரே திருகைத் திருகிய கைக்குத் தனக்கென்று ஒரு வேலை வேண்டாமா? அந்த ஆர்வத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. 'எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டு, நீங்கள் விலை சொன்ன அந்த நிமிஷத்தில் ரசிகை ஒரு கடைக்காரி ஆகிவிடுகிறாள். ஆனால் கடைக்காரிக்கு உரிய எச்சரிக்கை அதே நிமிஷத்தில் வந்துவிடுவதில்லை. அந்த இடைவெளிக்காகத்தான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

முதலில் பழைய வித்தை. 'காசு அனுப்ப கியூஆர் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்.' ஏறாது, இறங்கும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் தேவையில்லை, பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் காசு வெளியே போகிறது என்று மட்டும்தான் பொருள். 'இது தெரியாதா எங்களுக்கு?' என்கிறீர்களா? 2021 பிப்ரவரியில், அப்போது டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் பழைய சோபா ஒன்றை ஆன்லைனில் விற்கப் போய், இதே கியூஆர் வித்தையில் 34,000 ரூபாய் இழந்தார். முதலில் ஒரு சின்னத் தொகையை நிஜமாகவே போட்டுக் காட்டினான் வாங்க வந்தவன். நம்பிக்கை பிறந்ததும் கியூஆர் வந்தது. படிப்போ புத்தியோ குறைவு என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. விற்றுப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

தனி ஆளுக்குத் தனி ஆள் 'காசு கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்திவிட்டது. ஒரு கதவு மூடியாயிற்று. கியூஆர் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ராணுவ வீரன் வேஷமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சீருடையில் போட்டோ, ஏதோ ஒரு கேன்டீன் கார்டு, 'நான் பார்டர்ல டூட்டியில இருக்கேன், என் ஆள் வந்து பார்சல் எடுத்துப்பான்' என்று கொச்சை இந்தியில் ஒரு வாய்ஸ் நோட். நாட்டுக்காகக் காவல் நிற்பவரிடம் முழுத் தொகையையும் முதலில் அனுப்பச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் அவனுக்கு முதலீடு.

இதெல்லாம் போனால் போன காசோடு போகும். இப்போது சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் பொம்மைகளுக்கு 3,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். கணக்கில் 8,000 விழுகிறது. போலி ஸ்கிரீன்ஷாட் இல்லை, பொய் எஸ்எம்எஸ் இல்லை. பேலன்ஸ் பார்த்தால் பணம் நிஜமாகவே இருக்கிறது. உடனே போன் வருகிறது. 'ஐயோ சிஸ்டர், கை தவறி ஜாஸ்தி போட்டுட்டேன். மீதி 5,000-ஐ இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பிடுங்க. ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம்.' நேர்மையானவர் என்ன செய்வார்? திருப்பி அனுப்புவார். அனுப்பியாயிற்று. பொம்மையையும் கூரியர் செய்தாயிற்று. எல்லாம் சுபம் என்று நினைப்பீர்கள்.

அந்த 8,000 யாருடைய பணம்? கொல்கத்தாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பிடுங்கிய பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்கிறார். புகார் பதிவானதும் அவர் கணக்கிலிருந்து பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே பிரிந்தது என்று அடுக்கடுக்காகத் தேடி, பட்ட கணக்கையெல்லாம் வங்கிகள் நிறுத்தி வைக்கும். அந்த அடுக்கில் ஒன்றாக உங்கள் கணக்கும் நிற்கும். மீதியை நீங்கள் அனுப்பிய அந்த 'நம்பர்' திருடனின் அடுத்த கணக்கு. பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டுப் பணத்தை வாங்கி, கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியைக் கைமாற்றிவிட்ட ஆள் நீங்கள்தான்.

ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் வராது. கிளைக்குப் போனால், 'மேற்கு வங்க சைபர் கிரைம் புகார்மா, அவங்க எடுக்கச் சொன்னாத்தான் எடுப்போம்' என்பார்கள். ஏழாம் தேதி கம்பெனி போட்ட சம்பளம் அதே கணக்கில்தான் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. விடுதி வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், அண்ணன் வண்டியின் இஎம்ஐ எல்லாம் அப்படியே நின்றுபோகும்.

கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2023-ல் கேரளத்தில் டீக்கடை, பழக்கடை போல யுபிஐயில் காசு வாங்கிய சின்ன வியாபாரிகள் பலரின் கணக்குகள் வெளிமாநிலப் புகார்களால் இப்படி முடங்கி, பெரிய கூச்சலானது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. முழுக் கணக்கையும் காலவரையில்லாமல் முடக்குவது சரியல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஷிப்டுக்கு லீவு போட்டு, வக்கீல் பிடித்து, சென்னைக்கு அலைந்து அந்தச் சட்டத்தை வாங்கிவர எத்தனை மாதச் சம்பளம் வேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், சம்பளக் கணக்கும் கைவேலைக் கணக்கும் ஒன்றாக இருக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியே திறந்து கொடுத்த அந்த ஒரே கணக்கில்தான் இங்கே பலருக்கும் கூகுள் பே ஓடுகிறது, அதே நம்பர்தான் இன்ஸ்டா பேஜிலும் இருக்கிறது. இன்றைக்கே வேறு வங்கியில் ஒரு கணக்குத் திறந்துவிடுங்கள். தபால் ஆபீசில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு இருந்தால்கூடப் போதும். அதற்குப் பிறகு யுபிஐ செயலியில், உங்கள் நம்பருக்கு யாராவது பணம் போட்டால் எந்தக் கணக்கில் விழும்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். சம்பளக் கணக்கு என்று காட்டினால் மாற்றுங்கள். நாளைக்கே பூட்டு விழுந்தாலும் நூல் வாங்க வைத்திருந்த காசோடு போய்விடும்.

கூடுதலாகப் பணம் வந்துவிட்டால்? செலவழிக்கவும் வேண்டாம், சொன்ன நம்பருக்கு அனுப்பவும் வேண்டாம். உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அனுப்பியவரிடம் 'உங்கள் வங்கியில் போய் எழுதிக் கொடுங்க, அவங்க மூலமா வரட்டும்' என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையாகவே கை தவறியவர் முணுமுணுத்துக்கொண்டே போய் எழுதிக் கொடுப்பார். மற்றவன் முதலில் அழுவான், பிறகு திட்டுவான், கடைசியில் போலீஸ் என்று மிரட்டுவான். மிரட்டலையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒரகடத்துக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. பல தொழிற்சாலைகளில் கேமரா போன் உள்ளே போகாது, லாக்கரில்தான் கிடக்கும். கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடிக்கும்போது 'சீக்கிரம் சிஸ்டர், இப்பவே கன்ஃபர்ம் பண்ணுங்க' என்று மெசேஜ் வந்தால், ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் போனுமாக பின்னைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம். அடுத்து போனைத் தொடுவது எட்டு மணி நேரம் கழித்து. சைபர் திருட்டில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பணத்தை மடக்கப் பொன்னான நேரம். நீங்கள் வெளியே வருவதற்குள் அது நாலு கணக்கு தாண்டி ஏடிஎம்மில் நோட்டாகியிருக்கும். ஆகவே ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் எந்த ஆர்டரையும் முடிக்காதீர்கள். அவசரக்காரர் வேறு கடை பார்க்கட்டும்.

அனிமே வரைபவர்களுக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது. மற்ற யாரையும்விட அவர்கள்தான் அதில் சுலபமாக விழுவார்கள். ஏனென்றால் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு சின்னக் குற்ற உணர்வு: 'இது நாம் உருவாக்கிய பாத்திரம் இல்லையே.' அந்த இடத்தில் வந்து குத்துகிறது இந்த மெசேஜ்: 'காப்பிரைட் மீறல். உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் நீக்கப்படும். மறுப்புத் தெரிவிக்க இந்த லிங்க்கை அழுத்தவும்.' மெட்டா லோகோ, நீல டிக், 'சப்போர்ட் டீம்' என்ற பெயர் எல்லாம் இருக்கும். லிங்க்கில் பாஸ்வேர்டு கேட்கும், பிறகு போனுக்கு வந்த ஓடிபி கேட்கும். கொடுத்தால் பேஜ் போயிற்று. போன பேஜ் சும்மா இருக்காது. உங்கள் பெயரில், உங்கள் படங்களைப் போட்டே, உங்கள் வாடிக்கையாளர்களிடம் அட்வான்ஸ் வாங்கும். பக்கத்து அறைப் பெண் 'அக்கா, ஆயிரம் அனுப்பினேனே, வளையல் எப்ப வரும்?' என்று கேட்டு நிற்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

உண்மையான உரிமை விவகாரம் எப்படி வரும் என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும். 2015-ல் ஓர் இந்திப் படம் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்துவதாக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். 2023 ஜனவரியில் தன் பெயர், படம், குரலை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் பொது அறிவிப்புக் கொடுத்தார். உரிமைக்காரர்கள் இப்படித்தான் வருவார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும், கோர்ட் வரும், இல்லையென்றால் அந்தச் செயலியே உங்கள் படத்தை நீக்கிவிட்டு, கணக்கின் உள்ளே இருக்கும் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' பகுதியில் விவரம் சொல்லும். நள்ளிரவில் டிஎம்மில் லிங்க்கோடு வருவது உரிமைக்காரர் அல்ல.

அதற்காக ஃபேன் ஆர்ட் விற்பதில் சிக்கலே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நோட்டில் வரைந்து நாலு பேருக்குக் காட்டுவது வேறு, அதே முகத்தை டீஷர்ட்டிலும் கீ செயினிலும் அச்சடித்து விலைக்கு விற்பது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் தெரிந்தே மீறுபவருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. கை நன்றாக வரைகிறதென்றால் உங்கள் தெருவிலிருந்து ஒரு பாத்திரத்தை உருவாக்குங்கள். வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் தூங்கும் பூனைக்கு யாரும் காப்பிரைட் கேட்கமாட்டார்கள்.

போட்டோ விஷயத்துக்கு வருவோம். 2025 மார்ச்சில் ஊரே ஏஐ கொண்டு தன் முகத்தை ஜிப்லி கார்ட்டூனாக மாற்றியது, செப்டம்பரில் 'நானோ பனானா'வில் தன் படத்துக்குச் சேலை கட்டிப் பார்த்தது. கூட்டம் சேர்ந்த இடத்தில் போலித் தளங்களும் சேர்ந்தன. முகத்தையும் விவரங்களையும் அப்படிப்பட்ட தளங்களில் கொடுக்க வேண்டாம் என்று ஐபிஎஸ் அதிகாரி சஜ்ஜனார் அப்போதே எச்சரித்தார். முகம் மட்டுமல்ல, நீங்கள் செய்த பொம்மையைப் படம் எடுக்கும்போதும் பின்னால் பாருங்கள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, சுவரில் விடுதிப் பெயர்ப் பலகை, மேஜையில் ஷிப்ட் அட்டவணை என்று எத்தனை விஷயம் தெரிகிறது? எங்கே தங்கியிருக்கிறாள், எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்று யாரோ ஒருவனுக்கு நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல ஆகும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் பொம்மையை வைத்து எடுங்கள், படமும் பளிச்சென்று வரும். உங்கள் முகத்தை மார்பிங் செய்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், தனியாக அழவும் வேண்டாம். 1930-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ சொல்லுங்கள்.

'வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், மாதம் முப்பதாயிரம், மெட்டீரியலுக்கு டெபாசிட் கட்டுங்கள்' என்பவர்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வேலை கொடுப்பவன் காசு கேட்கமாட்டான்.

ஆனால் 'கிராஃப்ட் ஏஜென்சி' என்ற பெயரில் வருபவனை விட்டுவிட முடியாது. 'எங்க கஸ்டமர்ஸ் உங்க அக்கவுண்ட்ல பணம் போடுவாங்க, கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியை அனுப்பிடுங்க' என்பான். இதற்கு நீங்கள் தெரிந்தே ஒத்துக்கொண்டால் ஏமாந்தவர் என்ற பெயர்கூட மிஞ்சாது, குற்றவாளி ஆகிவிடுவீர்கள். தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு 2024 டிசம்பரில் 'ஆபரேஷன் திரைநீக்கு' என்று மாநிலம் முழுக்க வலைவீசி 76 பேரைக் கைது செய்தது. 2025 ஜூனில் இரண்டாவது சுற்றில் 136 பேர். திருட்டுப் பணம் போய்வரத் தங்கள் வங்கிக் கணக்கைக் கொடுத்தவர்களும் அதில் சிக்கினார்கள். நாடு முழுக்க 2024-ல் மட்டும் இணைய மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. இவ்வளவு பணமும் யார் யார் கணக்கு வழியாகவோதான் ஓடியாக வேண்டும். கணக்கு வைத்திருக்கும் இளைஞர்கள் கூட்டமாக இருக்கும் ஊர்மீது மோசடிக்காரர்கள் கண் விழாமல் இருக்குமா?

சரி, விழுந்துவிட்டோம் என்று தெரிந்தால்? வெட்கப்பட்டு ஒளிக்கக் கூடாது. வார்டனிடமோ லைன் லீடரிடமோ சொல்லி, லாக்கரைத் திறந்து, முதல் வேலையாக 1930-க்கு அடியுங்கள். பணம் போன எண், தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண் (யுடிஆர் என்று செயலியில் இருக்கும்), உங்கள் வங்கிப் பெயர் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். நீங்களே பின் போட்டிருந்தால் வங்கி பொறுப்பேற்கத் தயங்கும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். சாட்டை அழிக்காதீர்கள். கோபத்தில் அவனை பிளாக் செய்வதற்கு முன் அவன் ப்ரொஃபைல், நம்பர், கியூஆர் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். உங்கள் கணக்கே முடங்கியிருந்தால், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் பேசிய சாட், கூரியர் ரசீது, பொம்மையின் படம் இவைதான் நீங்கள் விற்பனையாளர் என்பதற்கு ஆதாரம். அவற்றோடு அந்த நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்த மறுவாரம் இன்னொரு போன் வரலாம். 'சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க பணம் மாட்டிக்கிச்சு, ரிலீஸ் பண்ண ப்ராசஸிங் ஃபீஸ் ரெண்டாயிரம் கட்டுங்க.' போலீஸ் எந்த ஃபீஸும் வாங்குவதில்லை. உங்கள் நம்பர் முதலில் எந்தக் கூட்டத்திடம் இருந்ததோ, அதே கூட்டத்திடமிருந்துதான் இந்தப் போனும் வருகிறது. துண்டித்துவிட்டு அந்த நம்பரையும் பழைய புகாரோடு சேர்த்துவிடுங்கள்.